பனிச்சாலைக்கு ஒரு செட் சக்கரம்: மிச்செலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ டயரும் அதற்கேற்ற ரிம்மும்

மிச்செலின் நிறுவனத்தின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ டயர்களை 16 அங்குல இரும்பு ரிம்களில் பொருத்தி, முன்சக்கர இயக்கம் கொண்ட நடுத்தர அளவுக் காரில் குளிர்காலங்களில் ஓட்டி வந்த அனுபவத்தை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். டயரை மட்டும் தனியாக எடுத்து மதிப்பிடுவதை நான் ஏற்பதில்லை. பனியில் காரைக் காப்பது டயர், ரிம், அவற்றின் அளவு, பூட்டிய விதம், உள்ளே இருக்கும் காற்று ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு செட்தான். அவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தாமல் போனாலும், விலை உயர்ந்த டயர் தன் வேலையை முழுமையாகச் செய்யாது.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் குளிர்கால டயரைப் பற்றி விசாரிக்கும்போது, கார் பனியில் சிக்காமல் கிளம்புமா, ஏற்றத்தில் ஏறுமா என்றே கேட்கிறார்கள். நாம் பணம் கொடுப்பது கிளம்புவதற்காக அல்ல, நிற்பதற்காக. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் காய்ந்த தார்ச்சாலையில் முழு பிரேக் பிடித்தால், உராய்வுக் குணகத்தை (டயர் சாலையை எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.8 என்று கொண்டால், சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அந்தக் குணகம் 0.25 அளவுக்கு இறங்கினால் அதே காருக்கு ஏறக்குறைய 39 மீட்டர் தேவைப்படும். ஈரம் படிந்த பனிக்கட்டியில் 0.1 ஆகக் குறைந்தால் 98 மீட்டர் ஆகிவிடும். இவை ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்கும் வரை கார் ஓடும் தூரத்தைச் சேர்க்காத கணக்குகள். நல்ல டயர் அந்த 0.1 ஐ 0.14 ஆக உயர்த்துகிறது என்று வைத்துக்கொண்டால், நிற்கும் தூரம் 98 மீட்டரிலிருந்து 70 மீட்டராகச் சுருங்கும். நல்ல டயர் பூட்டிய கார் முழுவதுமாக நின்றுவிட்ட அந்த 70 மீட்டர் புள்ளியில், மற்றக் கார் இன்னும் மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் சறுக்கிக்கொண்டிருக்கும். சாலையைக் கடக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் குளிர்கால டயர் தேவையில்லை என்ற எண்ணம் ஆபத்தானது என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுவே காரணம். நான்கு சக்கரங்களும் இயங்கும் கார் எளிதாகக் கிளம்பும். ஆனால் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது, நிற்பதில் அந்தக் காருக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), நிலைத்தன்மைக் கட்டுப்பாடு போன்ற மின்னணு வசதிகளும் டயர் தரும் பிடிமானத்தைப் பங்கிட்டுத்தான் தரும், புதிதாக உண்டாக்கித் தராது.

இனி டயருக்கு வருகிறேன். கோடைக்கால டயரின் ரப்பர் கலவை வெயிலுக்காக வடிவமைக்கப்பட்டது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது மெல்ல விறைக்கத் தொடங்கி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவையில் சிலிக்காவும், கடுங்குளிரிலும் இறுகாத பாலிமர்களும் சேர்க்கப்படுவதால், பூஜ்யத்துக்கு வெகு கீழேயும் அது நெகிழ்ந்தே இருக்கிறது. எக்ஸ்-ஐஸ் ஸ்னோவைக் கடுங்குளிர் நாளில் விரலால் அழுத்திப் பார்த்தாலே இது தெரியும். டிரெட் எனப்படும், சாலையைத் தொடும் மேற்பரப்பின் ரப்பர் கட்டைகள் அசைந்து கொடுக்கின்றன, கட்டைகளின் மேல் நெடுக ஓடும் மெல்லிய வெட்டுகள் விரிகின்றன. இந்த வெட்டுகள் டிரெட்டின் முழு ஆழத்துக்கும் செல்கின்றன என்பதும், ரப்பர் தேயத் தேய மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்குமாறு கலவை அமைக்கப்பட்டுள்ளது என்பதும் மிச்செலின் கூறும் சிறப்புகள். வட அமெரிக்காவில் இந்த டயருக்கு 60,000 கி.மீ. தேய்மான உத்தரவாதம் தரப்படுகிறது. மென்மையான குளிர்கால டயர்களில் பல அத்தகைய உத்தரவாதம் இல்லாமலே விற்கப்படும் நிலையில் இது கவனிக்கத்தக்கது.

இறுகிய பனியில் இந்த டயரின் நடத்தை எனக்கு முழு நிறைவைத் தருகிறது. பனியைப் பனியே நன்றாகப் பற்றும் என்பதால், குளிர்கால டயரின் பள்ளங்கள் பனியை வெளியே தள்ளாமல் சற்று அடைத்து வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்படுகின்றன. நின்ற காரின் டயரில் வெள்ளை வெள்ளையாகப் பனி அப்பியிருப்பதைப் பார்த்துக் குறை என்று எண்ண வேண்டாம், அது வேலை செய்வதன் அடையாளம். எக்ஸ்-ஐஸ் ஸ்னோவில் டிரெட் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் ஒரே திசையை நோக்கி அமைந்திருப்பதால், பாதி உருகிய பனிக்குழம்பையும் பக்கவாட்டில் வேகமாக ஒதுக்குகிறது. தடம் மாறும்போது சக்கரத் தடங்களுக்கு இடையே குவிந்து கிடக்கும் அந்தக் குழம்பின் மேல் ஏறி இறங்குவதுதான் நெடுஞ்சாலையில் பலர் கட்டுப்பாட்டை இழக்கும் இடம். அங்கே ஸ்டீயரிங் இழுபடாமல் நேராக நின்றது என் நம்பிக்கையை மிகவும் உயர்த்தியது.

பனிக்கட்டியில்தான் டயர்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு தெரியவரும். பலர் நினைப்பதற்கு மாறாக, மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும், ஏனெனில் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அந்த நீரை எப்படி அகற்றுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துள்ளது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய பிளிசாக், ரப்பருக்குள்ளேயே நுண்ணிய துளைகளை வைத்து நீரை உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தது. ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி ஜப்பானில் பெரும் சுகாதாரப் பிரச்சினையாகி, 1990இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்த காலத்தில் ஆணியில்லா டயர்களின் தேவை வெகுவாக உயர்ந்தது. மிச்செலினின் வழி நுண்ணிய வெட்டுகளையும் சொரசொரப்பையும் நம்புவது. பனிக்கட்டி நன்றாக ஈரமாக இருக்கும் நாட்களில் புதிய பிளிசாக் சற்று முன்னே நிற்கும் என்றே நான் கருதுகிறேன். பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பின்னும் பிடிமானம் பெரிதும் குறையாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு எக்ஸ்-ஐஸ் ஸ்னோவைச் சொல்வேன்.

இந்தத் துறையில் நோக்கியன் நிறுவனத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1934இல் லாரிகளுக்கான முதல் குளிர்கால டயரையும், 1936இல் கார்களுக்கான ஹக்கபெலிட்டாவையும் உருவாக்கியது இந்தப் பின்லாந்து நிறுவனத்தின் மரபுதான். மண்சாலை, காட்டுச்சாலை, மாதக்கணக்கில் மெழுகிய தரைபோல் பனிக்கட்டி மூடிக்கிடக்கும் கிராமச்சாலை ஆகியவற்றில் தினமும் செல்பவர், சட்டம் அனுமதிக்கும் இடமாக இருந்தால், ஆணி பதித்த ஹக்கபெலிட்டாவையே பார்க்கலாம். வழவழப்பான பனிக்கட்டியில் நல்ல ஆணி டயருக்கு ஆணியில்லா டயர் ஈடாகாது. ஆனால் பனி அகற்றப்பட்ட தார்ச்சாலையில் ஆணி டயரின் இரைச்சல் மிக அதிகம், சாலையையும் அது அரிக்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் பொதுவான பயன்பாட்டுக்கு அதற்குத் தடையே இருக்கிறது.

எக்ஸ்-ஐஸ் ஸ்னோவின் குறை எங்கே என்றால், ஈரமான வெறும் சாலையில். பூஜ்யத்துக்கு ஐந்தாறு டிகிரி மேலே, மழை பெய்யும் நாளில் இதன் பிரேக் பிடிப்பு நீளுகிறது. வளைவில் வேகமாகத் திருப்பினால் டிரெட் கட்டைகள் நெளிவதால் ஸ்டீயரிங் சற்றுத் தாமதித்தே பதில் சொல்கிறது. இது இந்த ஒரு மாதிரியின் குறை அல்ல. மென்மையான கலவை கொண்ட வடதுருவ வகை டயர்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு. குளிர்கால டயர் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைகள் விற்கப்படுகின்றன என்பதைக் கடைகளில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. கடுங்குளிருக்கும் பனிக்கட்டிக்கும் உரிய வடதுருவ வகை ஒன்று. மழையும் ஈரமும் அதிகமாகவும் பனி இடையிடையேயும் வரும் நெடுஞ்சாலைகளுக்கான மத்திய ஐரோப்பிய வகை மற்றொன்று. மிச்செலினிலேயே ஆல்பின் வரிசை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. குளிர்காலம் முழுவதும் சாலை ஈரமாக மட்டுமே இருந்து, எப்போதாவது வெள்ளை படியும் சூழலில் வசிப்பவர் எக்ஸ்-ஐஸ் ஸ்னோவை வாங்குவது தவறான தேர்வாகும். அவருக்கு ஆல்பின் வகையோ, ஆண்டு முழுவதும் ஓட்டக்கூடிய கிராஸ்கிளைமேட் போன்ற டயரோ போதும்.

டயரின் பக்கச்சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்வது எந்த விளம்பரத்தைவிடவும் பயன் தரும். 'எம்+எஸ்' என்ற குறி, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற டிரெட் வடிவம் என்று தயாரிப்பாளரே இட்டுக்கொள்வது. அதன் பின்னால் கட்டாயமான பனிச்சோதனை எதுவும் இல்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் வரையப்பட்ட குறி அப்படியல்ல. 1999இல் வட அமெரிக்காவில் வழக்குக்கு வந்த அந்தக் குறியைப் பெற, நடுத்தர அளவில் இறுகிய பனியில் ஒப்பீட்டு டயர் ஒன்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலான இழுவையை டயர் காட்ட வேண்டும். ஆகவே மலைக்குறி இல்லாத டயரைப் பனிக்கென்று வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், அந்தக் குறியும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அது பனியைச் சோதிக்கிறது, பனிக்கட்டியைச் சோதிப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஓட்டும் டயருக்கும் எக்ஸ்-ஐஸ் ஸ்னோவுக்கும் ஒரே மலைக்குறி இருக்கும்; ஈரப் பனிக்கட்டியில் இரண்டும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடைமுறைக்கு வந்த புதிய டயர் லேபிளில் பனிக்கட்டிப் பிடிமானத்துக்கென்று தனிக் குறி சேர்க்கப்பட்டிருக்கிறது, வாங்குபவர் தேட வேண்டியது அதைத்தான். அந்தக் குறியுள்ள டயர்கள் ஈரச்சாலை மதிப்பெண்ணில் பின்தங்கி இருப்பதையும் அதே லேபிளில் காணலாம். மேலே சொன்ன இரண்டு வகைகளின் வேறுபாடு அங்கே அச்சிலேயே வெளிப்படுகிறது.

ரிம்மைத் தேர்ந்தெடுப்பதில் பலர் காட்டும் அக்கறையின்மை எனக்கு வருத்தமளிக்கிறது. என் காருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு 225/45 ஆர்17; அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். குளிர்காலத்துக்கு நான் எடுத்தது 205/55 ஆர்16. முதல் டயரின் முழு விட்டம் 634 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 632 மி.மீ.; வேறுபாடு மிகச் சிறியது என்பதால் வேகமானியின் கணக்கு மாறுவதில்லை. அகலம் 20 மி.மீ. குறைவதால், ஆழமான பனியின் மேல் மிதக்காமல் அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. முன்னே தள்ள வேண்டிய பனியின் அளவும் குறைகிறது. பக்கச்சுவர் உயரமாவதால், பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குழியில் சக்கரம் இறங்கினாலும் ரிம்மின் விளிம்பு அடிபடும் வாய்ப்புக் குறைவு. சிறிய அளவு டயர் பொதுவாக விலையும் குறைவு. இத்தனை நன்மைகள் ஒரே முடிவில் கிடைப்பது அரிது.

ஆனால் எவ்வளவு சிறியதாகப் போகலாம் என்பதைப் பிரேக் காலிப்பர்தான் (ரிம்முக்குள் இருந்து பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) முடிவு செய்யும். ஒரே மாதிரிக் காரிலேயே, பெரிய பிரேக் பொருத்திய உயர்ரகத்துக்கு 16 அங்குல ரிம் உள்ளே இடிக்கலாம். காரின் கையேட்டிலும் கதவோரம் ஒட்டிய தாளிலும் அனுமதிக்கப்பட்ட அளவுகளைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். சுமைக் குறியீட்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. வேகக் குறியீடு குளிர்கால டயரில் சற்றுக் குறைவாக இருப்பதை அனுமதிக்கும் நாடுகள் பல. 'டி' என்ற எழுத்து மணிக்கு 190 கி.மீ. வரை, 'எச்' 210 கி.மீ. வரை. பனிச்சாலையில் அந்த வேகத்தை யாரும் தொடப்போவதில்லை, எனவே அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சுமைக்காகக் கவலைப்பட வேண்டும்.

போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும் பொருந்தினாலே ரிம் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதைக் காட்டும் ஆஃப்செட் அளவும், நடுத்துளையின் விட்டமும் காருடன் ஒத்துப்போக வேண்டும். சந்தையில் கிடைக்கும் பொது ரிம்களின் நடுத்துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் சரியாக அமராமல் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டின் இருக்கை, அதாவது அது ரிம்மில் அமரும் பகுதியின் வடிவம், கூம்பா, உருண்டையா என்பதையும் பார்க்க வேண்டும். உருண்டை இருக்கைக்குரிய போல்டைக் கூம்பு வடிவத் துளையில் முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஓடும்போது தளரும். அலாய் (அலுமினியக் கலப்பு உலோக) ரிம்முக்கென வந்த போல்ட் இரும்பு ரிம்முக்கு நீளம் அதிகமாக இருக்கக்கூடும் என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக மாறி மாறிச் செல்லும் நட்சத்திர வரிசையில் முறுக்கி, 80 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடியும் சரிபார்ப்பது ஒருபோதும் தவிர்க்கக் கூடாத வேலை.

இரும்பா, அலாயா என்ற கேள்விக்கு என் விடை இரும்பு. சாலையில் தூவும் உப்பு இரண்டையும் தாக்கும். அலாயின் மேற்பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் உப்பு உள்ளே புகுந்து அரித்து, காலப்போக்கில் டயர் அமரும் விளிம்பில் காற்றுக் கசியத் தொடங்கும். இரும்பில் துரு பிடிக்கும், ஆனால் சுரண்டி மீண்டும் பெயின்ட் அடிக்கலாம். குழியில் அடிபட்டால் இரும்பு பெரும்பாலும் வளையும், அலாய் விரிசல் விடக்கூடும். அழகு கருதி அலாய்தான் வேண்டும் என்பவர், குளிர்காலத்துக்கென்று தடித்த பூச்சுடன் வரும் ரிம்மை எடுக்கலாம். குரோம் பூசியது வேண்டாம். காற்றழுத்த உணரிகள் உள்ள காருக்குப் புதிய ரிம்களிலும் உணரி போடுவதே நல்லது. அந்த மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுவதும் எரிந்துகொண்டே இருந்தால், உண்மையிலேயே காற்று இறங்கும் நாளில் நமக்குத் தெரியாமல் போகும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறையும்போதெல்லாம் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்குவதால், குளிர்காலத்தில் அந்த விளக்குக்கு வேலை அதிகம்.

செலவைக் குறைக்க இரண்டு டயர் மட்டும் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது என்பதே பதில். முன்சக்கர இயக்கக் காரில் முன்னால் மட்டும் குளிர்கால டயர் போட்டால், முன்பக்கம் சாலையைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் வளைவில் வெளியே வீசப்பட்டுக் கார் சுழலும். கார் நன்றாகக் கிளம்புவதால் ஓட்டுநருக்குப் பொய்யான நம்பிக்கை வேறு வந்துவிடும். நான்கையும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் வாங்க முடியாதவர் தனி ரிம் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, பழைய ரிம்மிலேயே நான்கு குளிர்கால டயர்களையும் ஏற்றிக்கொள்ளட்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்டுவதற்கான கூலியே தனி ரிம்மின் விலையை நெருங்கிவிடும் என்பதால், ரிம்மைப் பிறகு வாங்கினாலும் பணம் வீணாகாது.

எப்போது மாற்றுவது என்பதைச் சில இடங்களில் சட்டமே சொல்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் தேதி இல்லை, சாலையில் பனியோ வழுக்கலோ இருந்தால் கட்டாயம். மலைக்குறி இல்லாத பழைய எம்+எஸ் டயர்களுக்கு அங்கே அளித்திருந்த சலுகை 2024 செப்டம்பருடன் முடிந்துவிட்டது. சட்டம் இல்லாத இடங்களில், காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே வரத் தொடங்கியதும் மாற்றிவிடுவது நலம். புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பின்போது படிந்த வழவழப்பு போக வேண்டியிருப்பதால், முதல் சில நூறு கி.மீ. தூரத்தைப் பனி விழுமுன் நிதானமாக ஓட்டிவிடுவதும் பயன் தரும்.

வெயில் வந்ததும் தாமதிக்காமல் கழற்ற வேண்டும், சூடான தாரில் இந்த மென்மையான ரப்பர் வெகு வேகமாகத் தேயும். கழற்றும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் அது இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பது என் வழக்கம். திசை அம்புக்குறி உள்ள டயர் என்பதால், அடுத்த பருவத்தில் முன்னும் பின்னும் மாற்றலாமே தவிர, ரிம்மிலிருந்து பிரிக்காமல் இடம் வலம் மாற்ற முடியாது. உப்பைக் கழுவி, உலர்த்தி, வெயிலும் மின்மோட்டாரும் அருகில் இல்லாத இடத்தில் ரிம்முடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் அப்போது பார்த்துவிடலாம். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. அதைவிட முக்கியம் டிரெட்டின் ஆழம். பல நாடுகளில் பொதுச் சட்ட வரம்பு 1.6 மி.மீ. என்றாலும், ஆஸ்திரியா குளிர்கால டயராக ஏற்க 4 மி.மீ. கேட்கிறது; பனியில் என் அனுபவமும் அந்த அளவையே ஆதரிக்கிறது. ஏறத்தாழ 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கும் டயரில் நான்கைத் தொட்டுவிட்ட ஒன்று இருந்தாலும், அடுத்த குளிர்காலத்துக்கு நான்கையும் மாற்றுவதற்கான பணத்தைக் கோடையிலேயே ஒதுக்கி வைத்துவிடுவேன்.